அபூர்வம் என்னும் அளவுகோல்

அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்குள்ளாகவே தோன்றி, ஓங்கி, ஒடுங்கிப்போன ஒரு மோட்டார் வர்க்கத்தை, அதாவது நடுத்தர அளவும் நடுத்தர விலையும் உள்ள காரின் உடலில் பெரிய கார்களுக்கென்று வார்த்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி வாலிபர்களின் கைக்கு விற்ற 'மஸில் கார்' என்னும் வர்க்கத்தை, இன்று தேடிப் பிடித்துப் பேணி வருபவர்களிடையே ஒரு விதி ஏறக்குறைய வேதவாக்கியமாகவே வழங்கி வருகிறது. கார் அபூர்வமானதென்றால், அது தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, ஒரு திருகாணியும் பிசகாமல், அதைப் புனருத்தாரணம் செய்யவேண்டும்; எண்ணிக்கையில் மலிந்ததென்றால், உடையவர் தம் மனம் போல் எஞ்சினை மாற்றலாம், சக்கரங்களை மாற்றலாம், கூரையையே வெட்டி இறக்கினாலும் கேட்பாரில்லை என்பது அந்த விதி. கேட்ட மாத்திரத்தில் இது நியாயமாகத்தான் தோன்றும். பழமை விரும்பிகளுக்கு அபூர்வமானவை கிடைத்துவிடுகின்றன. புதுமை விரும்பிகளுக்கு மிச்சமெல்லாம் கிடைத்துவிடுகின்றன. சண்டையின்றிப் பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சமாதானம் எந்தக் கேள்வியின்மேல் கட்டப்பட்டதோ அந்தக் கேள்வியே தவறானது என்பது என் அபிப்பிராயம். எத்தனை செய்தார்கள் என்று கேட்பது கணக்கப்பிள்ளையின் கேள்வி. நம் முன் நிற்கும் இந்த ஒரு காரில் எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்பவனே அதைக் கொண்டு என்ன செய்வதென்று தீர்மானிக்கத் தகுதியுள்ளவன்.

எதிர்க்கட்சியின் வாதத்தைச் சுருக்கி, இளைக்கவைத்து, பின்பு வீழ்த்துவது எளிது. ஆயினும் அது மறுப்பாகாது. ஆகையால் அதன் முழு வலிமையோடும் அதை இங்கே சொல்லிவிடுகிறேன். உலகத்தில் சில பத்துக் கணக்கிலேயே உள்ள ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்கியவர், சட்டப்படி அதன் சொந்தக்காரரேயானாலும், தர்மப்படி அதன் காவலரே ஆவார்; அவருக்குப் பின் அது வேறொருவர் கைக்குப் போகும்; ஒருமுறை வெட்டிய தகட்டை வெட்டாததாக்க எவராலும் இயலாது. மேலும், தொழிற்சாலை அமைப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும் ருசியைப் போன்றதன்று. எஞ்சினிலும் கியர் பெட்டியிலும் கார்புரேட்டரிலும் பொறித்துள்ள எண்களும் தேதிகளும், கம்பெனி விட்டுச்சென்ற காகிதங்களும், 'இதுவே இக்காரின் உண்மையான வடிவம்' என்று ஐயமற நிலைநாட்டக்கூடிய பிரமாணங்கள். மூன்றாவதாக, சந்தை இதற்குச் சாட்சி கூறுகிறது: விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் செய்யப்பட்ட 1971ஆம் ஆண்டு ஹெமி குடா மடக்குக் கூரைக் கார் ஒன்று 2014இல் சியாட்டில் நகரத்தில் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கடமை, பிரமாணம், விலை ஆகிய இந்த மூன்றில் முதலாவதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். அதை ஒப்புக்கொண்டவன் என்ற காரணத்தினாலேயே மற்ற இரண்டையும் மறுக்க வேண்டியவனாகிறேன்.

அபூர்வம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு மாதிரிக் கமாரோவில் ஷெவ்ரலே கம்பெனியார் செய்த கார்கள் 2,43,000க்கு மேல், அவற்றுள் இஸட்.எல்.1 என்னும் எஞ்சினைப் பூண்டு வந்தவை 69 மட்டுமே. கான்-ஆம் பந்தயக் கார்களுக்காக உருவான இந்த எஞ்சின் முழுவதும் அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர் கொள்ளளவுள்ளது. கம்பெனி 430 குதிரைத்திறன் என்று அடக்கமாக அறிவித்தபோதிலும் 500க்குக் குறையாது என்பது விஷயம் அறிந்தவர்களின் மதிப்பு. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்னும் சிற்றூரில் ஷெவ்ரலே விற்பனை முகவராயிருந்த ஃபிரெட் கிப், கால் மைல் பந்தயத்தில் ஒரு மாதிரி அனுமதிக்கப்பட வேண்டுமானால் குறைந்தது 50 கார்கள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பூர்த்தி செய்வதற்காக, கம்பெனியில் பந்தய விவகாரங்களைக் கவனித்து வந்த வின்ஸ் பிகின்ஸ் என்பவரின் ஒத்துழைப்போடு, அந்த ஐம்பதையும் தாமே வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். அதற்கு அவர்கள் கையாண்ட வழி, வாடகைக் கார்க் கம்பெனிகளும் போலீஸ் இலாகாக்களும் விசேஷ வர்ணமோ கனத்த ஸ்பிரிங்கோ வேண்டுமென்றால் தலைமைக் காரியாலயத்துக்கு எழுதிப் பெறும் சாதாரண ஆர்டர் படிவம்!

1968ஆம் ஆண்டின் கடைசியில் முதற் கார்கள் வந்து சேர்ந்தன. கூடவே விலைச்சீட்டும் வந்தது. எஞ்சினுக்கு மாத்திரம் 4,000 டாலருக்கு மேல், கார் ஒன்றுக்கு 7,000 டாலருக்கு மேல் என்று அதில் கண்டிருந்தது. எட்டு சிலிண்டர் உள்ள சாமானியக் கமாரோ 3,000 டாலருக்குள் கிடைத்த காலம் அது. கிப் விற்றவை சில; மிகுதியைக் கம்பெனியே திரும்பப் பெற்று வேறு முகவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க நேர்ந்தது. அங்கும் அவை எளிதில் விலைபோகவில்லை. பக்கத்தில் ஒரு சின்னமோ பட்டையோ இல்லாமல், வெறும் இரும்புச் சக்கரத்தில் சிறு மூடியோடு நின்ற அந்தக் கார்களைப் பார்த்து, இரட்டிப்பு விலைக்கு மேல் கொடுக்க யார் முன்வருவார்கள்? வாங்கியவர்களில் பலர் பந்தயக்காரர்கள். அவர்கள் அவற்றை ஓட்டினார்கள், உடைத்தார்கள், எஞ்சினைக் கழற்றி வேறு உடலில் வைத்தார்கள். இன்று அருங்காட்சியகப் பொருள்போல் போற்றப்படும் 69 என்னும் இந்த எண், ஒரு கலைஞனின் நிதானத்தினாலோ கம்பெனியின் சங்கற்பத்தினாலோ விளைந்ததன்று. பந்தய விதி கேட்ட குறைந்தபட்ச எண்ணிக்கையும் வாங்குவோரை விரட்டிய விலைச்சீட்டும் சேர்ந்து விளைவித்தது. யாரும் வேண்டாமென்று ஒதுக்கியதால் அபூர்வமான ஒன்றுக்கு, அந்த அபூர்வத்தின் பேரிலேயே ஒரு சாஸ்திரம் வகுப்பது விசித்திரமல்லவா?

விசித்திரம் இதோடு நிற்கவில்லை. 1970இல் பிளிமத் கம்பெனியார், ஓவல் பந்தயப் பாதையில் காற்றைக் கிழித்துச் செல்வதற்காக நீண்ட மூக்கும், பின்புறம் ஆள் மார்பளவு உயர்ந்த இறக்கையும் வைத்து, சூப்பர்பேர்ட் என்ற காரை 2,000க்குச் சற்றுக் குறைவாகச் செய்து விற்பனைக்கு அனுப்பினார்கள். முகவர் இருவருக்கு ஒரு கார் வீதமாவது செய்திருக்க வேண்டும் என்பது அவ்வாண்டில் பந்தயச் சங்கத்தார் விதித்த நிபந்தனை. அந்த மூக்கைக் கண்டு நகைத்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் சொற்பம். கடைவாசலில் மாதக்கணக்காக நின்ற கார்களைக் கண்டு சலித்துப்போன முகவர்கள் சிலர், மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் சாதாரண மாதிரியான ரோடு ரன்னரின் முன்பகுதியை மாட்டி விற்றார்கள். அப்படி விற்கப்பட்ட கார் ஒன்று இன்று கண்டெடுக்கப்பட்டால், நம் விதிக்காரர்கள் என்ன செய்யச் சொல்வார்கள்? புதிதாக வார்த்த மூக்கை வாங்கி ஒட்டச் சொல்வார்கள். அந்தக் காரை முதன்முதலில் வாங்கியவர் அந்த மூக்கைத் தம் வீட்டு வாசலில் ஒருநாளும் கண்டதில்லை என்பதும், மூக்கிழந்து நிற்பதுதான் 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சந்தை அக்காரைப் பற்றிச் சொன்ன தீர்ப்பின் பிரத்தியட்ச சாட்சி என்பதும் அவர்களுக்குப் பொருட்டல்ல.

தொழிற்சாலை வடிவமே உண்மை வடிவம் என்ற சித்தாந்தத்துக்கு இந்த வர்க்கத்தின் பிறப்பே விரோதமானது. இவ்வர்க்கத்தின் மூலபுருஷன் என்று பலரும் கொண்டாடுவது 1964ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென்று தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் போட்டிருந்த தடையை, ஜான் டிலோரியன் முதலிய பொறியாளர்கள், 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாதிரியாக அன்றி, சுமார் 300 டாலர் விலையுள்ள ஒரு கூடுதல் சாமான் தொகுதியாக விலைப்பட்டியலில் நுழைத்துத் தாண்டினார்கள். அக்காரின் புகழ் நாடெங்கும் பரவியதற்குக் காரணம், 'கார் அண்ட் டிரைவர்' என்னும் பத்திரிகை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அதை இத்தாலியரின் ஃபெராரியோடு ஒப்பிட்டு அட்டைப்படமிட்டு எழுதிய கட்டுரை. ஒப்பிட்டதாகச் சொன்னார்களே தவிர, ஃபெராரி அந்தப் பரீட்சைக்கு வரவேயில்லை என்பது தனி வேடிக்கை. நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியதாக அதில் கண்ட ஜி.டி.ஓ., மிஷிகனின் ராயல் ஓக் நகரத்து ராயல் பான்டியாக் முகவர்கள் தயார் செய்து அனுப்பியது; அதன் வயிற்றில் இருந்தது 389 அன்று, 421 கன அங்குல எஞ்சின். இதைப் பிற்காலத்தில் வெளியிட்டவர் வேறு யாருமல்லர், பான்டியாக்கின் விளம்பரச் சூத்திரதாரியாயிருந்த ஜிம் வாங்கர்ஸ் அவர்களே. ஆக, இந்த வம்சத்தின் ஆதி கீர்த்தி ஒரு மாற்றியமைத்த கார் சம்பாதித்துக் கொடுத்தது. இன்று 1964 ஜி.டி.ஓ. ஒன்றில் 421 எஞ்சினைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைக்கும் கண்காட்சி நடுவர், இந்த வரலாற்றை அறிந்துதான் குறைக்கிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

அக்காலத்தில் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் இடையே, இன்று நாம் கற்பிக்கிற மதில் இருக்கவில்லை. பென்சில்வேனியாவின் கானன்ஸ்பர்கில் டான் யென்கோ, தலைமைக் காரியாலய ஆர்டர் மூலம் 427 கன அங்குல இரும்பு எஞ்சினோடு சுமார் 200 கமாரோக்களை 1969இல் வருவித்து, தம் கடையில் பட்டையும் சின்னமும் ஒட்டித் தம் பெயரிலேயே விற்றார். சிகாகோவில் நிக்கி, நியூயார்க்கை அடுத்த பால்ட்வினில் மோஷன் ஆகிய கடைக்காரர்கள், கம்பெனி வைத்த எஞ்சினையே எடுத்துவிட்டு வேறு எஞ்சினை வைத்து விற்றார்கள். இவற்றையெல்லாம் நம் விதிக்காரர்கள் தள்ளுவதில்லை. அபூர்வ வரிசையில் தலையிடமே கொடுக்கிறார்கள். முகவர் செய்த மாற்றம் புனிதம்; அதே முகவரிடம் வாங்கிய வாலிபன் மறுநாள் சனிக்கிழமை தன் வீட்டு முற்றத்தில் செய்த மாற்றம் பாவம்! கிரேகர் சக்கரம், ஹர்ஸ்ட் கியர்க் கம்பு, எடல்பிராக் மானிஃபோல்டு, புகைக்குழாய்க்குப் பதிலாக ஹூக்கர் ஹெடர் என்று அந்த வாலிபர்கள் வாங்கிக் குவித்த சாமான்களைச் செய்து விற்றே ஒரு பெரும் தொழில் வளர்ந்தது. கார் வாங்கிய இரண்டாம் நாளே மாற்றத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நினைவூட்டும் பெயரால் அத்தகைய கார்களைத் தனி வரிசையாகக் காட்டும் பழக்கம் அமெரிக்கக் கண்காட்சிகளில் இப்போது மெல்லத் தலைகாட்டியிருக்கிறது. அது ஓரத்து வரிசையாகவே நிற்பதுதான் என் குறை.

இனிப் பிரமாணத்தைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். அபூர்வக் கார் ஒன்றைப் பூர்வரூபத்துக்குக் கொண்டுவரப் பட்டறைக்காரர் ஏற்றுக்கொண்டால் நடப்பது என்ன? கார் கடைசித் திருகு வரையில் கழற்றப்படுகிறது. வெற்றுடலைச் சுழலும் சட்டத்தில் மாட்டித் துகள் வீசியோ ரசாயனத் தொட்டியில் முக்கியோ இரும்பின் வெண்மை தெரியும்வரை சுரண்டுகிறார்கள். ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலையில் 1969இல் யாரோ ஒரு தொழிலாளி தெளித்த வர்ணமும், அது அவசரத்தில் வழிந்து உறைந்த தடமும், பிரைமர் எட்டாத மூலையும், பரிசோதகர் சுண்ணக்கட்டியாலும் மெழுகுக் கோலாலும் கிறுக்கிய குறிகளும், தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய பசையில் பதிந்த விரல் ரேகையும் ஒரே பகலில் போய்விடுகின்றன. பிறகு துரு அரித்த அடித்தகடும் பின்பக்கத் தகடும் தைவானில் அச்சிட்ட புதுத் தகடுகளுக்கு இடம் விடுகின்றன. பிறகு, இதுதான் ரசமான பகுதி, போன குறிகளையெல்லாம் புகைப்படத்தைப் பார்த்து மறுபடியும் வரைகிறார்கள். வர்ணம் வழிந்த தடத்தைக்கூட வேண்டுமென்றே வழியவிட்டு உண்டாக்குகிறார்கள். போட்டி நாளன்று நடுவர்கள் கைவிளக்கோடு காருக்கடியில் படுத்து, ரேடியேட்டர்க் குழாயின் பிடிவளையம் எந்த மாதத்தியது, ஆல்டர்னேட்டரில் பொறித்த தேதி காரின் தேதிக்கு முந்தியதா பிந்தியதா என்று பரிசோதித்து மதிப்பெண் இடுகிறார்கள். அவர்களுடைய விஷய ஞானத்தை நான் குறைத்துப் பேசவில்லை; அந்த ஞானத்தில் பாதி எனக்கிருந்தால் கர்வப்படுவேன். ஆனால் அவர்கள் பரிசளிப்பது 1969ஐப் பற்றிய நம் காலத்தவரின் ஆராய்ச்சிக்கே அன்றி 1969க்கு அன்று.

இந்த ஆசாரத்தின் நிழலில் ஒரு மோசடியும் செழித்திருக்கிறது. எஞ்சின் பிளாக்கின் முகப்பில் இழைத்த சிறு சமதளத்தில், அது எந்தத் தேதியில் கூட்டப்பட்டது, எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறியீடும், எந்தக் காருக்கு உரியது என்பதைக் காட்டும் வரிசை எண்ணின் பகுதியும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை காரின் எண்ணோடு பொருந்தினால் விலை ஒரு மாதிரி, பொருந்தாவிட்டால் வேறு மாதிரி. இந்த வித்தியாசம் லட்சக்கணக்கான டாலராக வளர்ந்தபோது, பழைய பிளாக் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் எண்ணை இழைத்துத் தள்ளி, தொழிற்சாலைக் கருவி விட்ட மெல்லிய கோடுகளையும் போலியாக உண்டாக்கி, வேண்டிய எண்ணைப் பொறித்துத் தரும் கைகாரர்கள் தோன்றினார்கள். எண் பொருந்த வேண்டும் என்ற விதியை நாம் இவ்வளவு கடுமையாக வற்புறுத்தாதிருந்தால் இந்தக் கைத்தொழிலுக்கு ஜீவனமே இருந்திராது. பிரமாணத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி, பிரமாணத்தை அழிப்பவனுக்கே சம்பளம் கொடுக்கிறது.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியோர்களின் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு விடுவார்கள். பாடபேதத்தை அடியில் காட்டுவார்கள். தமக்கு எவ்வளவு நன்றாகச் செய்யுள் இயற்ற வருமாயினும், விட்டுப்போன அடியைத் தாமே இட்டு நிரப்பிப் புலவன் பெயரால் வழங்கமாட்டார்கள். அப்படி நிரப்பிய பின் மூலச்சுவடியை அடுப்பில் போட்டவர்களோ ஒருவரும் இலர். மோட்டார் புனருத்தாரணம் என்ற பெயரில் நடப்பது அந்தக் கடைசிக் காரியம்தான்.

விலையைப் பற்றிய வாதத்தை நான் விரிவாக மறுக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஃபுளோரிடா மாநிலத்துக் கிசிமியில் நடந்த ஏலமே மறுத்துவிட்டது. 1968இல் வெளிவந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய கரும்பச்சை மஸ்டாங் அன்று, ஏலக் கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்கு விற்றது. படப்பிடிப்புக்காகக் காமிராவைப் பிணைக்க அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள் அப்படியே இருந்தன. துருவும், நசுங்கலும், வெளுத்த வர்ணமும் அப்படியே இருந்தன. அது ஒரு குடும்பத்தார் அன்றாட வேலைக்கு ஓட்டி, பின்பு பல்லாண்டுகள் ஓட்டாமல் வைத்திருந்த கார். தொழிற்சாலை வடிவமே உண்மையென்றால் அந்த இரும்புத் துண்டுகளை அல்லவா முதலில் வெட்டியெறிந்திருக்க வேண்டும்? 'அது சினிமாவின் மகிமை; ஊர்பேர் தெரியாத காருக்கு அது பொருந்துமா?' என்று ஆட்சேபிப்பார்கள். பொருந்தும். சினிமா அந்தக் காருக்குச் செய்தது, தொழிற்சாலையை விட்டபின் அதற்கு நேர்ந்த சரித்திரத்தைப் பிரசித்தமாக்கியது ஒன்றே. சிறிய சரித்திரமுள்ள காருக்குச் சிறிய விலை கிடைக்கட்டும். ஆனால் சரித்திரமே களங்கம் என்ற எண்ணம் ஒழியட்டும்.

இன்னொரு விஷயத்தை இந்த விதிக்காரர்கள் பேசுவதே இல்லை. அது கார் ஓடவேண்டும் என்பது. இஸட்.எல்.1 எஞ்சினின் அழுத்த விகிதம் 12க்கு 1. இன்று அமெரிக்கப் பெட்ரோல் நிலையத்தில் தாராளமாகக் கிடைக்கும் மிக உயர்ந்த பெட்ரோல், அந்நாட்டுக் கணக்கில், 93 ஆக்டேன். அதைக் குடித்தால் அந்த எஞ்சின் உள்ளுக்குள் வெடித்துத் தட்டும். அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் 1996 தொடக்கத்திலிருந்து சாலை வாகனங்களுக்கு அறவே தடுக்கப்பட்டுவிட்டது. அந்த ஈயத்தின் காப்பை நம்பி வார்த்த பழைய இரும்பு எஞ்சின்களில், கடினமான வளையம் பதிக்காவிட்டால், புகைவால்வு அமரும் விளிம்பு நாளடைவில் தேய்ந்து உள்வாங்கும். இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு, கண்ணாடி இழைப் பட்டை வைத்த அக்கால டயரில் அந்த வேகத்தில் சென்றவர்கள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை நினைக்காமலிருப்பதே நல்லது. ஆகவே பூர்வரூபம் அடைந்த கார் என்ன செய்கிறது? மூடிய வண்டியில் ஏறிக் கண்காட்சிக்குப் போகிறது, கம்பளத்தில் இறங்குகிறது, சில நிமிஷம் உறுமுகிறது, மறுபடியும் ஏறிக்கொள்கிறது. ஓடுவதற்கென்றே, அதுவும் அநியாய வேகத்தில் ஓடுவதற்கென்றே, பெரிய கம்பெனிக்குள் தடையுத்தரவுகளைத் தாண்டி உண்டாக்கிய ஒரு யந்திரத்துக்கு இதைவிடப் பெரிய மாற்றம் எதைச் செய்துவிட முடியும்? வால்வு விளிம்பில் கடின வளையம், டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் மின்னணுத் துண்டு, ரேடியல் டயர், புதுப் பெட்ரோல் குழாய் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கழற்றிய பழைய சாமானைச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு வைப்பவர், கார்புரேட்டரின் தேதிக்காக ஆறு மாதம் அலைபவரைவிட அந்தக் காரை நன்றாகவே காப்பவர்.

இவ்வளவும் கேட்டுவிட்டு எதிர்முகாமில் உள்ளவர்கள், அதாவது பழைய உடலில் புதிய யந்திரத்தை நிரப்புகிறவர்கள், என்னைத் தம்மவனென்று எண்ணிக் கைகொட்ட வேண்டாம். 1997இல் கார்வெட்டில் தலைகாட்டிய புதிய அலுமினிய எஞ்சின் வரிசையும், ஆறு கியர்ப் பெட்டியும், நான்கு டிஸ்க் பிரேக்கும் அருமையான சாமான்கள்தாம். ஓட்டுவதற்கு அதைவிடச் சுகமில்லை. ஆனால் அந்தக் கியர்ப் பெட்டிக்காக நடுத்தளத்தை வெட்டி, அகன்ற டயருக்காகச் சக்கரக் கூட்டை உள்ளே தள்ளிப் பற்றவைக்க, பிழைத்து வந்த பழைய உடல் எதற்கு? 1969 கமாரோவின் முழு உடலையே, கம்பெனியின் அனுமதியோடு, துருவற்ற புதுத் தகட்டில் அச்சிட்டு இன்று விற்கிறார்கள். கண்ணுக்கு அதே உருவம், காலுக்கு வேண்டிய வேகம். அதை வாங்காமல், தொழிற்சாலை வர்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் காரை, அது இலட்சத்தில் ஒன்றாயினும் சரி, அறுபத்தொன்பதில் ஒன்றாயினும் சரி, அறுப்பவருக்கு என்னிடம் அனுதாபமில்லை. மலிந்த மாதிரியில் தீண்டாமல் பிழைத்தது ஒன்று, அபூர்வ மாதிரியில் ஐந்து முறை பிரித்துப் பூட்டியதைவிடப் பேணத்தக்கது. எண்ணிக்கை விதியோ இதை நேர்மாறாகச் சொல்கிறது.

அப்படியானால் ஒருவர் தீர்மானிப்பது எவ்வாறு? வர்ணமும் ஆசனத்துணியும் கண்ணாடியும் முதல் நாள் வந்தவையே என்று கண்டால், துருவின் நடையை நிறுத்தி, ஓடும் உறுப்புகளைச் சரிசெய்து, மற்றதைத் தொடாதிருக்க வேண்டும். பழங்கார்ச் சங்கங்களில் சில, புனருத்தாரணம் செய்யாத கார்களுக்குத் தனி வகுப்பும் பரிசும் ஏற்படுத்தியிருப்பது நல்ல அடையாளம். உடல் பாதி அழுகி, எஞ்சின் எப்போதோ போய், உள்ளே ஒன்றும் எஞ்சவில்லையென்றால், உடையவர் தம் விருப்பப்படி கட்டிக்கொள்ளட்டும், பழையதைப் போலவே கட்ட விரும்பினாலும் சரிதான். புதிதாய் வைத்த பாகத்தில் புதுத் தேதியைப் பொறித்து வைக்கட்டும், வாங்குகிறவனிடம் சொல்லட்டும். இந்த இரண்டிலும் விவாதத்துக்கு அதிக இடமில்லை. விவாதமெல்லாம் நடுவே நிற்கும் கார்களைப் பற்றியது.

அப்படிப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். 427 எஞ்சினோடு வந்த ஒரு கமாரோ. முதல் சொந்தக்காரர் பந்தயத்தில் ஓட்டியவர். எஞ்சின் உடைந்து, உத்தரவாதத்தின் பேரில் கம்பெனி வேறு பிளாக் கொடுத்தது. அவ்வாறு கொடுத்த பிளாக்குகளில் ஷெவ்ரலே கம்பெனியார் வழக்கமான குறியீட்டுக்குப் பதிலாக 'சி.இ.' என்ற இரண்டெழுத்தையும் ஓர் எண்ணையும் பொறித்து அனுப்புவார்கள். எண் பொருந்தாத காரணத்தால் அந்தக் காரை மட்டமென்று தள்ளுவது இன்றைய வழக்கம். உடையவர் மனம் நொந்து, பொருத்தமான தேதியுள்ள பிளாக் ஒன்றைத் தேடி விளம்பரம் செய்வதும் வழக்கம். ஆனால் அந்த இரண்டெழுத்து, இந்தக் காரை ஒருவன் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்காகவே உபயோகித்தான், உபயோகித்து உடைத்தான், உடைத்ததைக் கம்பெனியே மாற்றிக் கொடுத்தது என்ற மூன்று சங்கதிகளையும் கம்பெனியின் சொந்த முத்திரையாலேயே அறிவிக்கிறது. அதை இழைத்துவிட்டு வேறு எண் பொறித்துத் தருவதாகச் சொல்லும் கைகாரர் கேட்கும் கூலியை உடையவர் அவருக்குக் கொடுக்க வேண்டாம். முன்சக்கரத்துக்கு நல்ல பிரேக்கும், வெயிலில் கொதிக்காத ஒரு ரேடியேட்டரும் வாங்கப் பயன்படுத்திக்கொள்ளட்டும், பழைய ரேடியேட்டரைத் தூர எறியாமல்.